மோட்டாரும் மூன் சஃபாரியும்

ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கிறது தளவாய்புரம். நைட்டிக்குப் பெயர்போன ஊர். தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்தோ மாடியிலிருந்தோ பவர் மிஷின் ஓடும் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு யூனிட்டில் ஓவர்லாக் அடிக்கும் இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காதில் இயர்போன். ஓடுவது புதுப்படப் பாட்டு இல்லை. ஏர், மாஸிவ் அட்டாக், போர்டிஸ்ஹெட், ஸீரோ 7 என்று ஊரில் வேறு யாரும் பெயர் சொல்லாத குழுக்கள். பக்கத்து மிஷின் அக்கா ஒரு பக்கத்தை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்.

"என்ன தம்பி, இதுவும் மோட்டார் மாதிரி ம்ம்ம்னுதான இருக்கு? இதைக் கேக்க எதுக்குத் தனியா ஒரு போனு?"

அக்காவின் கேள்வி லேசுப்பட்டதில்லை. மோட்டாரும் மின்சாரத்தில் ஓடுகிறது, இந்த இசையும் மின்சாரத்தில் பிறந்தது. இரண்டுமே தாழ்ந்த சுருதியில் நீளமாக முனகுகின்றன. ஆனால் ஒன்று சாயங்காலத்துக்குள் தலைவலியைக் கொடுக்கிறது. மற்றொன்று அந்தத் தலைவலிக்கு மருந்தாகிறது. ஏன்? ரசனை, பழக்கம் என்று சொல்லலாம். அது பாதி பதில். மீதிப் பாதியைக் காற்றின் அதிர்விலும் காதின் அமைப்பிலும் தேடுவோம்.

ட்ரிப் ஹாப், டவுன்டெம்போ, ஆம்பியன்ட் என்று ரசிகர்கள் இந்த இசையை ஏழெட்டாகப் பிரித்து வைத்துச் சண்டை போடுவார்கள். நாம் மென்மின்னிசை என்ற ஒரே பெயரில் அடக்கிக்கொண்டு மேலே போவோம்.

மோட்டார் எந்தச் சுருதியில் பாடுகிறது?

நம் வீட்டுக்கு வரும் மின்னோட்டம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் போய்வருகிறது. மோட்டாருக்குள் இருக்கும் காந்தம் இரும்பை இழுக்கும்போது மின்னோட்டம் எந்தத் திசையில் பாய்கிறது என்று பார்ப்பதில்லை. முன்னே போனாலும் இழுக்கும், பின்னே வந்தாலும் இழுக்கும். ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு இழுப்பு, விநாடிக்கு 100. அந்த இரும்பு காற்றை 100 முறை உதைப்பதுதான் நமக்கு முனகலாகக் கேட்கிறது. ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்ற கணக்குக்கு அதிர்வெண் என்று பெயர், அலகு ஹெர்ட்ஸ். மோட்டாரின் சுருதி 100 ஹெர்ட்ஸ். மேற்கத்திய இசையில் தாழ்ந்த 'ஏ' சுரம் ஒன்று 110 ஹெர்ட்ஸில் இருக்கிறது. மென்மின்னிசைப் பாடல்களின் அடியில் நீண்டு கிடக்கும் சுரங்கள் பலவும் இந்த வட்டாரத்தில்தான் உலவுகின்றன. அக்காவின் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது: சுருதியில் இரண்டும் அக்கம்பக்கம். வித்தியாசத்தைச் சுருதிக்கு வெளியே தேட வேண்டும்.

ஒரு சுரத்தைச் செய்துபார்ப்போம்

சிந்தசைசர் என்ற கருவியில் ஒரே ஒரு சுரத்தை அடியிலிருந்து செய்துபார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும். போனில் இலவசமாகக் கிடைக்கும் சிந்தசைசர் செயலி இருந்தால் கூடவே செய்துகொண்டு வரலாம்.

முதல் படி, கச்சாப் பொருள். 110 ஹெர்ட்ஸில் ரம்பப்பல் அலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வரைந்தால் ரம்பத்தின் பல்வரிசை போலவே இருப்பதால் இந்தப் பெயர். கேட்டால் முகம் சுளிப்பீர்கள். சிக்கிக்கொண்ட ஹாரன் மாதிரி கறகறக்கும். காரணம், அதில் 110 மட்டும் இல்லை. அதன் இரு மடங்கான 220, மும்மடங்கான 330, பிறகு 440, 550 என்று மேலே மேலே அடுக்கு போகிறது. பள்ளி இயற்பியலில் படித்த மேற்சுரங்கள் இவைதான். ரம்பப்பல் அலையில் இரண்டாம் மடங்கின் அலை உயரம் முதலாவதில் பாதி, மூன்றாவது மூன்றில் ஒன்று, முப்பதாவது முப்பதில் ஒன்று. மெல்லத்தான் குறைகின்றன. 3300 ஹெர்ட்ஸில் இருக்கும் முப்பதாம் மடங்குகூட உயிரோடு இருக்கிறது. நம் காதுத் துவாரம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு குழாய். அந்த நீளக் குழாய் இயல்பாகவே 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைப் பெரிதாக்கும். குழந்தையின் வீறிடல் நம்மை ஏன் உலுக்குகிறது என்பதற்கும் இந்தக் குழாயில் ஒரு பங்கு விடை இருக்கிறது. ரம்பப்பல் அலையின் மேலடுக்கு நேராகப் போய்க் குத்துவது அந்த இடத்தில்.

இரண்டாம் படி, வடிப்பான். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட்டு மேலே உள்ளதைத் தடுக்கும் மின்சுற்று இது. அமெரிக்கப் பொறியாளர் ராபர்ட் மூக் வடிவமைத்து 1969-இல் காப்புரிமை பெற்ற வடிப்பான் இந்த வேலையில் பெயர்பெற்றது. வெட்டுமிடத்தை 500 ஹெர்ட்ஸில் வையுங்கள். 110, 220, 330, 440 கிட்டத்தட்ட அப்படியே வரும். வெட்டுமிடத்தைப் போல இரு மடங்கு உயரத்தில், அதாவது 1000 ஹெர்ட்ஸில், அலை உயரம் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காக இறங்கிவிடும். இன்னொரு முறை இரட்டித்தால் அதிலும் பதினாறில் ஒன்று. காதைக் குத்திய அந்த 3300 என்ன ஆயிற்று? ஏற்கெனவே முப்பதில் ஒன்றாக இருந்தது. வடிப்பான் அதை ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஒன்றாக்குகிறது. பெருக்கிப் பார்த்தால் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஹாரன் போய், வாயை மூடிக்கொண்டு 'ம்ம்' என்று பாடியது போல ஒரு ஒலி கிடைக்கும். சுருதி மாறவில்லை. மாறியது ஒலிநிறம்: ஒரே சுருதியில் இருக்கும் நாகஸ்வரத்தையும் புல்லாங்குழலையும் வேறு வேறு என்று காட்டிக்கொடுக்கும் குணம்.

இங்கேயே நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் மோட்டார்தான் மிஞ்சும். வடிப்பானைத் தாண்டிய அந்த ஒற்றைச் சுரத்தை இரண்டு நிமிடம் விடாமல் கேட்டுப் பாருங்கள். மந்தமாக, உயிரில்லாமல், அடுத்த அறையில் ஓடும் ஃப்ரிட்ஜ் போல இருக்கும். கூர்மையை எடுத்துவிட்டோம், இதம் வந்து சேரவில்லை.

மூன்றாம் படியில்தான் அது வருகிறது. இன்னொரு ரம்பப்பல் அலையைச் சேருங்கள். ஆனால் 110-இல் வேண்டாம், 110.5-இல். அரை ஹெர்ட்ஸ் விலகல். சிக்னலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஆட்டோக்களின் இண்டிகேட்டரைக் கவனித்திருப்பீர்கள். சேர்ந்து மின்னும், கொஞ்சம் கொஞ்சமாக விலகி மாறி மாறி மின்னும், பிறகு தானாகவே சேர்ந்துகொள்ளும். இரண்டு சுரங்களும் அதையே செய்கின்றன. சேரும்போது ஒலி உப்புகிறது, விலகும்போது ஒடுங்குகிறது. பாடப்புத்தகம் இதை விம்மல் என்கிறது. 110-க்கும் 110.5-க்கும் இரண்டு விநாடிக்கு ஒரு விம்மல். ஆனால் மேற்சுரங்களும் ஜோடி சேர்கின்றன அல்லவா? 220-ம் 221-ம் விநாடிக்கு ஒன்று. 330-ம் 331.5-ம் இரண்டு விநாடிக்கு மூன்று. 440-ம் 442-ம் விநாடிக்கு இரண்டு. ஒரே சுரத்துக்குள் ஒவ்வொரு அடுக்கும் தன் வேகத்தில் மூச்சு விடுகிறது. விரலை எடுக்காமல் பிடித்திருக்கும் ஒரு கட்டைக்குள் இத்தனை நடமாட்டம்.

கணக்குப்படி இந்த முழு ஆட்டமும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை திரும்ப வர வேண்டும். பழைய அனலாக் சிந்தசைசரில் அப்படி வராது. கருவி சூடாக ஆக அதிர்வெண் கொஞ்சம் நகரும், 110.5 சற்று நேரத்தில் 110.4 ஆகும். பொறியாளர்களுக்கு இது தொல்லை. ரசிகர்கள் அதற்காகவே அந்தப் பழைய பெட்டிகளைத் தேடி அலைகிறார்கள். எழுபதுகளில் வந்த சோலினா என்ற கருவி இன்னும் ஒரு படி போய், ஒரே ஒலியின் சில நகல்களை மெல்ல மாறும் தாமதத்துடன் ஒன்றோடொன்று கலந்து, ஒற்றை விசையை ஒரு வயலின் கோஷ்டியாக்கியது. பிரான்சின் ஏர் குழு 1998-இல் வெளியிட்ட 'மூன் சஃபாரி' தொகுப்பில் பஞ்சுபோல மிதக்கும் பின்னணிக்கு இந்தக் கருவியும் ஒரு காரணம்.

தம்புரா சொல்லும் ஆட்சேபம்

இதற்குள் ஒரு வாசகராவது குறுக்கே வந்திருப்பார். மேற்சுரம் அதிகமானால் குத்தும் என்றால் தம்புரா ஏன் குத்தவில்லை?

நல்ல ஆட்சேபம். தம்புராவில் மேற்சுரங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை, கொட்டிக் கிடக்கின்றன. இதை முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்டவர் திருச்சியில் பிறந்த சி. வி. ராமன். ஒளிச்சிதறலில் உலகப்புகழ் அடைவதற்கு முன்னால் அவர் வீணை, தம்புரா, மிருதங்கம், வயலின் என்று இசைக்கருவிகளைத்தான் குடைந்துகொண்டிருந்தார். 1921-இல் இந்தியத் தந்திக்கருவிகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை சின்னதுதான், விஷயம் பெரியது. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது அதுவரை எல்லோரும் நம்பிய விதி. தந்தியின் சரிபாதியில் மீட்டினால் இரண்டாவது, நான்காவது மடங்குகள் வரக் கூடாது. தம்புராவில் அவை கணீரென்று வந்தன. காரணம் அதன் குதிரை. வயலின் போன்ற கருவிகளில் தந்தி கூர்மையான விளிம்பில் உட்காரும். இங்கே அகலமாக, லேசாக வளைந்த பரப்பில் படுத்திருக்கிறது. தந்திக்கு அடியில் ஒரு நூலை நுழைத்து நகர்த்தி, 'ஜீவா' எனப்படும் ரீங்காரத்தை வித்வான்கள் பிடிக்கிறார்கள். தந்தி அதிரும்போதெல்லாம் அந்தப் பரப்பை உரசி உரசி எழுகிறது. ஒவ்வொரு உரசலும் அதிர்வின் ஆற்றலை ஒரு மேற்சுரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடுகிறது.

ஒரு தந்தியை மட்டும் மீட்டிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். முதலில் உயர்ந்த மேற்சுரங்கள் மினுங்கும். ஒலி தேயத் தேய அந்த மினுமினுப்பு படிப்படியாகக் கீழே இறங்கி வரும். சிந்தசைசர்காரர் வடிப்பானின் திருகை மெல்லத் திருப்பிச் செய்வதைத் தம்புரா கை வைக்காமலேயே செய்கிறது. போதாததற்கு, நடுவில் உள்ள சாரணி, அனுசாரணி இரண்டும் ஒரே சுருதியில் கூட்டப்பட்டவை. எவ்வளவு தேர்ந்த கை கூட்டினாலும் இம்மியளவு விலகல் இருக்கும். அதாவது நம் 110-ம் 110.5-ம்.

ஆகவே முதலில் எடுத்த முடிவைத் திருத்திக்கொள்வோம். மேற்சுரத்தைக் குறைப்பது இதத்துக்கு ஒரு வழி, அவ்வளவுதான். ஆழமான காரணம் அந்த மேற்சுரங்கள் மெதுவாக, ஆனால் ஓயாமல் மாறிக்கொண்டிருப்பது. மோட்டாரின் 100, 200, 300 ஆகியவை காலையில் எந்த அளவில் இருந்தனவோ மாலையிலும் அதே அளவில் இருக்கின்றன.

எழுபதுகளின் கடைசியில் பெங்களூரில் ராடெல் நிறுவனத்தின் ஜி. ராஜ் நாராயண் போன்றவர்கள் மின்னணுத் தம்புராவைச் செய்யத் தொடங்கியபோது அது கச்சேரி மேடைக்கு வசதியாக இருந்தது. தூக்கிக்கொண்டு போகலாம், கூட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆரம்பகாலப் பெட்டிகளில் ஒவ்வொரு மீட்டலும் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இருந்தது. பெரிய வித்வான்கள் சிலர் முகம் சுளித்ததில் வியப்பில்லை. பிறகு உண்மையான தம்புராவின் ஒலியையே பதிவுசெய்து உள்ளே வைத்தார்கள். எப்படியானாலும், சபாவில் உட்கார்ந்து கச்சேரி கேட்கும் மாமா, மென்மின்னிசை என்றாலே அலுத்துக்கொள்ளும் மாமா, நாற்பது வருஷமாக மின்னணு முனகல் ஒன்றின் மேல் மிதக்கும் சங்கீதத்தைத்தான் கேட்டுவருகிறார் என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும்.

இந்தியாவுக்குச் சிந்தசைசர்கள் நேற்று வந்தவையும் அல்ல. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1969-லேயே மூக் சிந்தசைசர் வந்துவிட்டது. மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். அப்போது சீந்துவாரில்லை, 2010-இல் மறுபதிப்பு வந்த பிறகு உலகமே தேடிக் கேட்டது. சென்னையில் ராக் குழுக்களில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் 1992-இல் 'ரோஜா'வுக்கு இசையமைத்த கதை எல்லோருக்கும் தெரியும்.

தலையை வெட்டிய மணி

நம் சுரத்துக்கு இன்னும் ஒரு படி பாக்கி. விசையை அழுத்தியதும் ஒலி சட்டென்று எழாமல், ஒன்றரை விநாடி எடுத்து மெல்ல ஏறும்படி வையுங்கள். சட்டென்று தொடங்கும் எந்த ஒலிக்கும் மூளை ஒரு கணம் திரும்பிப் பார்க்கும். விழுந்த பாத்திரமா, பின்னால் வரும் பஸ்ஸா என்று தெரிந்துகொள்ளாமல் அது ஓயாது. மெல்ல ஏறும் ஒலி அந்த எச்சரிக்கையைத் தூண்டுவதில்லை.

தொடக்கம் எவ்வளவு முக்கியம் என்பதை 1948-இல் பாரிஸ் வானொலிப் பொறியாளர் பியேர் ஷெஃபர் கண்டார். மணியோசையைப் பதிவுசெய்து, அடி விழும் முதல் கணத்தை மட்டும் வெட்டி எறிந்தார். மிச்சமிருந்தது மணி மாதிரியே இல்லை. ஏதோ குழல்வாத்தியம் போல நீண்டது. ஒலி எதிலிருந்து வருகிறது என்ற அடையாளத்தின் பெரும்பங்கு அதன் தலையில் இருக்கிறது. தலை போனால் மூளைக்கு அது 'எங்கேயோ இருந்து' வருகிறது. மென்மின்னிசை ரசிகர்கள் 'மிதக்கிற மாதிரி இருக்கு' என்பது இதைத்தான்.

தலையை வெட்டாமல் மழுங்கடித்த கருவியும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் காயம்பட்டுக் கட்டிலில் கிடந்த அமெரிக்க வீரர்களுக்காக, ஹரால்ட் ரோட்ஸ் என்ற பியானோ ஆசிரியர் பி-17 விமானத்தின் அலுமினியக் குழாய்களை வெட்டி மடியில் வைத்து வாசிக்கும் குட்டிப் பியானோ செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரோட்ஸ் மின்பியானோ. சுத்தியல் ஒரு சிறு கம்பியைத் தட்டும். மணிபோன்ற தொடக்கம் உடனே கரைந்து, கிட்டத்தட்ட மேற்சுரமே இல்லாத தூய சுரம் பின்னால் நிற்கும். ஏர், ஸீரோ 7 இசையில் அடிக்கடி கேட்பது இந்தக் குரல். ஆஸ்பத்திரி வார்டில் பிறந்த குடும்பத்துக்கு இதமாகப் பேசத் தெரியாதா என்ன.

இப்போது தையல் மிஷினைப் பாருங்கள். நிமிடத்துக்கு 3000 தையல் என்று வைத்துக்கொண்டால் ஊசி விநாடிக்கு 50 முறை இறங்குகிறது. ஒவ்வொன்றும் இரும்போடு இரும்பு மோதும் தட்டல். தலை மட்டுமே உள்ள, உடம்பே இல்லாத ஒலி. அத்தகைய தட்டலில் எல்லா அதிர்வெண்ணும் கலந்திருக்கும், காதின் அந்த 3000 உட்பட. நாள் முழுக்க அடியில் முனகும் மோட்டாரைவிடக் களைப்பை அதிகம் தருவது இந்தத் தட்டலாகத்தான் இருக்க வேண்டும். மாறாத முனகலையாவது மூளை கொஞ்ச நேரத்தில் ஒதுக்கிவிடுகிறது. மோட்டார் நின்ற பிறகுதானே 'அடடா, இவ்வளவு நேரம் ஓடிச்சா' என்கிறோம்!

திரும்ப வந்தும் திரும்பாதது

பிரையன் ஈனோ 1978-இல் விமான நிலையத்தில் ஒலிப்பதற்கென்றே ஒரு தொகுப்பு வெளியிட்டார். அதில் ஒரு பகுதி முழுவதும் ஒற்றைக் குரல் சுரங்கள். ஒவ்வொன்றும் ஒரு நாடா வளையத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வளையம் திரும்பி வர 23½ விநாடி. இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட 26. மற்றொன்றுக்கு 30-க்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றும் அலுப்பூட்டும்படி திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் நீளங்கள் ஒத்துப்போகாததால் மூன்றும் ஒரே வரிசையில் மறுபடி சந்திக்க வெகுநேரம் ஆகும். காதுக்கு அடுத்தது என்ன என்று பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை. அந்தப் பாதித் தெரிதல்தான் சுகம். முழுக்கத் தெரிந்தால் மோட்டார், ஒன்றுமே தெரியாவிட்டால் பஸ் ஸ்டாண்டு.

இங்கிலாந்தின் போர்டிஸ்ஹெட் செய்தது இன்னும் வேடிக்கை. 1994-இல் வந்த தங்கள் முதல் தொகுப்புக்காக, தாங்கள் வாசித்ததையே இசைத்தட்டாக வெட்டி, அதைத் தேய்த்துக் கீறி, அந்தக் கீறல் ஒலியோடு மறுபடி பாட்டில் சேர்த்தார்கள். கீறலும் தட்டல்தான். ஆனால் மெலிதாக, ஒழுங்கில்லாமல், தகரக் கொட்டகையில் தூறல் விழுவது போல வருகிறது. ஊசிபோல விநாடிக்கு 50 என்று வருவதில்லை.

குழாயில் போட்டால்

இவ்வளவு பாடுபட்டுச் செய்த சுரத்தைக் கோயில் கொடை மைக் செட்காரரிடம் கொடுத்துக் குழாயில் போடச் சொன்னால் என்ன ஆகும்? கூம்பு வடிவ அந்த ஒலிபெருக்கி தொலைவுக்குப் பேச்சு கேட்பதற்காகச் செய்தது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வாய் வராது. 110 போச்சு, 220 போச்சு. அதிகச் சத்தத்தில் திணறும்போது இல்லாத மேற்சுரங்களைத் தானே உண்டாக்கியும் தரும். வடிப்பான் கீழே வைத்ததை எடுத்துவிட்டு, மேலே எடுத்ததைத் திரும்ப வைக்கிற வேலை.

ஆச்சரியம் என்னவென்றால், சுருதி அப்போதும் 110 என்றே கேட்கும்! 330, 440, 550 மட்டும் வந்தாலும், இவை அனைத்துக்கும் பொதுவான அடி 110 என்று மூளை கணக்குப் போட்டு இட்டு நிரப்பிவிடுகிறது. பழைய லேண்ட்லைன் தொலைபேசியும் 300-க்குக் கீழே அனுப்பாது. அப்பாவின் குரலுக்கு அடிச்சுரம் 120 ஹெர்ட்ஸ் வாக்கில் இருந்தும் அதில் அப்பா அப்பாவாகத்தான் கேட்டார். அடையாளம் மிஞ்சுகிறது, கனம் மிஞ்சுவதில்லை.

முனகலுக்கு மேல் முனகல்

இயர்போனில் அந்தச் சிக்கல் இல்லை, வேறொன்று இருக்கிறது. தாழ்ந்த ஒலி தனக்கு மேலே இருப்பவற்றை எளிதில் மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அவ்வளவாக மறைக்காது. மோட்டாரின் 100, நம் சுரத்தின் 110, 220, 330 எல்லாவற்றின் மீதும் போர்வை போர்த்துகிறது. காதை அடைக்கும் ரப்பர் நுனி உயர்ந்த ஒலிகளை நன்றாகத் தடுத்தாலும் தாழ்ந்த முனகலை ஓரளவு உள்ளே விட்டுவிடும். இன்னொரு பக்கம், நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகளில் இயல்பாகவே கூர்மை குறைவு. மெல்லிய ஒலியளவில், 100 ஹெர்ட்ஸ் சுரம் 1000 ஹெர்ட்ஸ் சுரத்துக்குச் சமமாகக் கேட்க 20 டெசிபலுக்கும் மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே இளைஞர் ஒலியளவை ஏற்றுகிறார். குத்தும் மேற்சுரம் இல்லாததால் 'போதும்' என்று காது கூச்சலிடுவதும் இல்லை.

சத்தம் நீக்கும் இயர்போன்கள் இங்கே உண்மையிலேயே உதவும். வெளியிலிருந்து வரும் அலையை ஒலிவாங்கியால் அளந்து, அதற்கு நேர்மாறான அலையை உள்ளே அனுப்பி இரண்டையும் அழிக்கும் உத்தி அது. மாறாமல் ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலி என்றால் அதற்கு வெல்லக்கட்டி. 100 ஹெர்ட்ஸ் மோட்டார் பெருமளவு காணாமல் போகும். ஊசியின் தட்டலில் அவ்வளவு சாமர்த்தியம் செல்லாது. அங்கே ரப்பர் நுனிதான் கை கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்ட இயர்போன் இல்லாதவர்களுக்குச் செலவில்லாத சோதனை ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கு எல்லா மோட்டாரும் நின்ற பிறகு, காலையில் வைத்த ஒலியளவைக் குறைக்காமல் அதே பாட்டைப் போடுங்கள். கத்துவது போல இருந்தால், காலையிலிருந்து காது வாங்கிக்கொண்டிருந்தது அதைத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்துக்கும் நேரம் பாதியாகும். 90-ஐத் தொட்டால் வாரத்துக்கு நான்கு மணி நேரம். ஓவர்லாக் அடிப்பவருக்கு அது திங்கட்கிழமை மதியத்தோடு தீர்ந்துபோகும்.